பாதிச் சிம்னி என்று ஒன்று இல்லை

கேள்வி: ஈஸ்ட் ஹாமில், வரிசையாக ஒட்டிக் கட்டிய டெரஸ் வீடு ஒன்றில் இருக்கிறோம். 1900களின் தொடக்கத்தில் கட்டியது. மூன்று பிள்ளைகள், கூடவே மாமியும். இடம் போதாமல், கூரைக்கு அடியில் உள்ள லொஃப்டை அறையாக்கப் போகிறோம். பின்பக்கச் சாய்கூரையிலிருந்து வெளியே நீட்டி ஜன்னலோடு கட்டும் டோர்மர் வருகிறது. அந்த இடத்தில் பக்கத்து வீட்டோடு சேர்ந்த சிம்னி ஒன்று குறுக்கே நிற்கிறது. "உங்கட பாதியை வெட்டி எடுத்திடலாம் அக்கா, அவைக்குச் சொல்லத் தேவையில்லை" என்கிறார் பில்டர். பக்கத்து வீட்டில் எழுபது வயது கடந்த ஆங்கிலேய அம்மா ஒருவர் தனியாக இருக்கிறார். பின் அறையில் காஸ் ஃபயர் வைத்திருக்கிறார். எங்கள் கீழ்த்தளத்தில் அதே சிம்னியை முந்திய சொந்தக்காரரே எடுத்துவிட்டார். இப்போது எங்கள் சாப்பாட்டு மேசை அங்கேதான் கிடக்கிறது. பில்டர் சொல்வது சரியா?
— வாசகி, கிழக்கு லண்டன்

பதில்: சரியில்லை. ஆனால் நீங்கள் கேட்ட கேள்வியைவிட, கடிதத்தின் கடைசியில் போகிற போக்கில் சொல்லிவிட்டுப் போன மேசை விஷயம்தான் எனக்கு நெஞ்சைப் பிசைகிறது. அதற்கு வருகிறேன். முதலில் சிம்னி.

உங்கள் தெருவில் நின்று கூரைகளை ஒருதரம் நிமிர்ந்து பாருங்கள். இரண்டு வீடு சேருகிற சுவருக்கு மேலே செங்கல் கட்டு ஒன்று, அதன் தலையில் நாலு மண்குழாய்கள். இரண்டு உங்களுடையவை, இரண்டு அவருடையவை. ஒவ்வொரு அடுப்புக்கும் தனியாக ஒரு புகைவழி, கீழிருந்து மேல்வரை. உங்கள் அறைக்குள் முப்பது, முப்பத்தைந்து சென்டிமீட்டர் துருத்தி நிற்கும் செங்கல் பகுதியைத்தான் இங்கே சிம்னி பிரெஸ்ட் என்கிறார்கள். சுவருக்கு மறுபுறம் அவருடைய அறைக்குள்ளும் அதே மாதிரி ஒன்று நிற்கும். இரண்டும் லொஃப்டுக்குள் வந்ததும் ஒன்றை ஒன்று நோக்கிச் சாய்ந்து, ஒரே கட்டாகிக் கூரையைத் துளைத்து மேலே போகின்றன. மேலே தெரியும் அந்தக் கட்டுக்கு ஸ்டாக் என்று பெயர். பிரெஸ்டில் உங்கள் பக்கம், அவர் பக்கம் என்று பிரிக்கலாம். ஸ்டாக்கில் அது நடவாது. கொத்தனார் அதைக் கட்டும்போது நடுவில் கோடு கீறிக் கட்டவில்லை. இரு வீட்டுச் செங்கலும் ஒன்றுக்குள் ஒன்று பல்லுப் பல்லாகக் கோத்திருக்கும்.

ஊரில் குசினிக்கு மேலே புகைக்கூடு வைத்தோம். அது அந்த வீட்டுக்கு மட்டும்தான். இங்கே ஒரு நூற்றாண்டுக்கு முன்னர் நிலமும் செங்கலும் மிச்சம் பிடிக்க நினைத்தவர்கள் அடுத்த வீட்டோடு கூட்டுச் சேர்த்துவிட்டார்கள். பிறகு 1952-இன் பெரும்புகைமூட்டம் வந்தது, 1956-இல் தூய காற்றுச் சட்டம் வந்தது, அதன்பின் வட கடல் காஸும் சென்ட்ரல் ஹீட்டிங்கும் வந்தன. அடுப்புகள் அணைந்தன. சிம்னிகள் மட்டும் நின்ற இடத்திலேயே நிற்கின்றன. பல வீடுகளில் அவை வெறும் பாரம். மற்றவற்றில், உங்கள் பக்கத்து வீட்டைப் போல, இன்னும் உயிரோடு இருக்கின்றன.

பில்டரின் "பாதி"யைக் கணக்கில் போட்டுப் பார்ப்போம். நாலு புகைவழி கொண்ட ஸ்டாக் ஏறக்குறைய 80 சென்டிமீட்டருக்கு 80 சென்டிமீட்டர் வரும் என்று வையுங்கள். இங்கிலாந்தின் கட்டட விதிமுறைகளுக்கான வழிகாட்டி ஒரு எளிய வரம்பு வைத்திருக்கிறது: ஸ்டாக்கின் குறுகிய பக்க அகலத்தைப் போல் நாலரை மடங்குக்கு மேல் உயரம் போகக்கூடாது, குழாயையும் சேர்த்து. முழு ஸ்டாக்குக்கு அந்த வரம்பு 3.6 மீட்டர், கவலை இல்லை. பாதியை வெட்டினால் அகலம் 40 சென்டிமீட்டர், வரம்பு 1.8 மீட்டர். செங்கல் ஒன்றரை மீட்டர், அதன்மேல் குழாய் அரை மீட்டர் என்றாலே தாண்டிவிட்டது. மாசி மாதக் காற்றுக்கு அந்த ஒற்றைக் கால் எந்தப் பக்கம் சாயும் என்று நான் சொல்லத் தேவையில்லை.

அது மட்டுமல்ல. இரண்டு வீட்டுப் புகைவழிகளுக்கும் நடுவே இருக்கும் தடுப்பு பெரும்பாலும் ஒரே வரிச் செங்கல்தான், நாலு அங்குலச் சொச்சம். நூறு வருடம் உள்ளே இருந்து கரி குடித்த சுவர் அது. நீங்கள் பாதியை எடுத்த அன்றிலிருந்து அதுவே அவருடைய வெளிச்சுவர். மழை நேராக அவருடைய புகைவழிக்குள் இறங்கும். இரண்டு மாரி கழிந்தபின் அவருடைய படுக்கையறைச் சுவரில் தேநீர் ஊற்றியது போலக் கபிலக் கறை படரும். கரியில் ஊறிய உப்பு ஈரத்தை இழுத்துக்கொண்டே இருக்கும். மேலே எத்தனை கோட் பெயின்ட் அடித்தாலும் கறை மறுபடி வெளியே வரும்.

இதையெல்லாம் விடப் பெரிய ஆபத்து அந்த காஸ் ஃபயர். வெட்டும்போது ஒரு செங்கல் துண்டு, ஒரு கட்டிச் சாந்து, உடைந்த தடுப்பு வழியாக அவர் பக்கத்துப் புகைவழிக்குள் விழுந்து அடைத்துக்கொண்டால் அன்றிரவு வெளியே போகவேண்டிய கார்பன் மொனொக்சைட் அவருடைய அறைக்குள்ளேயே திரும்பும். நிறமில்லை, மணமில்லை. தலையிடி என்று படுப்பார். ஆகவே, அவர் அந்த ஃபயரைப் பாவிக்கும்வரை ஸ்டாக் முழுதாக, இருக்கிறபடியே நிற்கவேண்டும். இதில் எனக்கு இரண்டாவது கருத்து இல்லை.

அப்படியானால் உங்கள் பக்கத்தில் என்ன செய்யலாம்? பிரெஸ்டை எடுக்கலாம், ஸ்டாக்கைக் கீழிருந்து தாங்கிக்கொண்டு. இங்கேதான் அந்தச் சாப்பாட்டு மேசை வருகிறது.

கீழ்த்தளத்தில் பிரெஸ்ட் இல்லை என்கிறீர்கள். மேல்மாடிப் பின் அறையில் இருக்கிறதா? உங்கள் கடிதத்தைப் பார்த்தால் இருக்கிறது என்றுதான் தோன்றுகிறது. அப்படியென்றால் அது எதன்மேல் நிற்கிறது? 1.2 மீட்டர் அகலம், 35 சென்டிமீட்டர் துருத்தல், இரண்டரை மீட்டர் உயரம். புகைவழி ஓட்டைகளைக் கழித்தாலும் ஏறத்தாழ ஒன்றரை டன் செங்கல். அதற்கு மேலே லொஃப்டில் உள்ளது, அதற்கும் மேலே ஸ்டாக்கில் ஒரு பங்கு. எல்லாம் கூடினால் இரண்டு டன்னைத் தாண்டும். ஒரு கார் உங்கள் மேசைக்கு மேலே தொங்குகிறது என்று எடுத்துக்கொள்ளுங்கள்.

சில வருடங்களுக்கு முன் தெற்கு லண்டனில் ஒரு வீடு. இதே கதை. வீட்டுக்காரர் என்னைக் கூப்பிட்டது லொஃப்டுக்கான கணக்குப் போட. மாடி அறையில் தரைப்பலகை இரண்டைக் கிளப்பி டோர்ச் அடித்துப் பார்த்தேன். ஒரு பிரெஸ்ட் முழுவதும் நாலுக்கு இரண்டு அங்குல மரச்சட்டம் இரண்டின் மேல் உட்கார்ந்திருந்தது. சட்டங்கள் நடுவில் புன்னகைக்கிற மாதிரி வளைந்திருந்தன. முனைகள் சுவருக்குள்ளே கூடப் போகவில்லை, தரை மரங்களில் ஆணி அடித்து நிறுத்தியிருந்தார்கள். ஆணி! கீழே சீலிங் வடிவாகப் பூசி, நடுவில் ஒரு அலங்கார விளக்கு. அந்த வீட்டைச் சர்வே செய்து வாங்கியவர்கள்தான் அங்கே குடியிருந்தார்கள்.

உங்கள் வீட்டிலும் இப்படித்தான் என்று சொல்லவில்லை. ஒழுங்காக ஸ்டீல் பீம் போட்டு, கட்டட வேலையைச் சோதிக்கும் கவுன்சிலின் பில்டிங் கன்ட்ரோலுக்கு விண்ணப்பித்து, சான்றிதழ் பெற்றும் செய்திருக்கலாம். வீடு வாங்கியபோது சொலிசிட்டர் தந்த கோப்பில் தேடுங்கள். இல்லாவிட்டால் கவுன்சிலில் கேட்டால் அந்த முகவரிக்கு விண்ணப்பம் எதுவும் பதிவாகியிருக்கிறதா என்று சொல்வார்கள். காகிதம் இல்லாமல் ஸ்டீல் மட்டும் இருந்தால், 1985 நவம்பர் 11-க்குப் பிறகு நடந்த வேலை எதற்கும் பின்னோக்கிய சான்றிதழ் கேட்டு விண்ணப்பிக்க வழி இருக்கிறது. சீலிங்கைத் திறந்து காட்டச் சொல்வார்கள். அது கரைச்சல்தான், ஆனால் வீட்டை விற்கும் நாளில் படப்போகும் கரைச்சலைவிடச் சிறியது.

சில வீடுகளில் சுவரில் போல்ட் அடித்த முக்கோண இரும்புத் தாங்கிகள் இரண்டைக் காண்பீர்கள். கலோஸ் பிராக்கெட் என்பார்கள், தூக்குமரம் மாதிரி வடிவம் என்பதால் அந்தப் பெயர். மலிவு, அரை நாளில் வேலை முடியும், பில்டர்களுக்குக் கொள்ளை ஆசை. அது பாரத்தை நேரே கீழே இறக்குவதில்லை. பொதுச் சுவரைப் பிடித்து இழுத்துக்கொண்டு தொங்குகிறது. சுவர் 215 மில்லிமீட்டர் தடிப்புள்ள திடமான செங்கலாக இருந்து, சாந்து உதிராமல் இருந்து, துருத்தல் 340 மில்லிமீட்டருக்குள் அடங்கி, மறுபக்கத்துப் பிரெஸ்ட் இன்னும் அப்படியே நின்று முட்டுக்கொடுத்தால் சிலர் ஏற்பார்கள். பல கவுன்சில்கள் ஏற்பதே இல்லை. நாளைக்கு அந்த அம்மாவின் வீட்டை வாங்குகிறவர் தன் பிரெஸ்டை எடுத்தால் உங்கள் பிராக்கெட்டின் முட்டுப் போய்விடும். நான் என் வரைபடத்தில் அதைப் போடுவதை விட்டுப் பல வருடமாகிறது.

ஆக, உங்களுக்கு இரண்டு வழி.

மாடி அறைப் பிரெஸ்டின் கீழே நல்ல ஸ்டீலும் அதற்குக் காகிதமும் இருந்தால், லொஃப்டில் எதையும் தொடாதீர்கள். சிம்னியைச் சுற்றி அறையை வரையச் சொல்லுங்கள். 1.2 மீட்டரை 0.35 ஆல் பெருக்கிப் பாருங்கள், 0.42 சதுர மீட்டர். அரைச் சதுர மீட்டர் கூட இல்லாத இடத்துக்காக ஸ்டீல், சாரம், சர்வேயர், மாதக்கணக்கில் காத்திருப்பு எல்லாம் வேண்டுமா? அதன் இரு பக்கத்துக் குழிகளிலும் அலுமாரி செய்தால் பிள்ளைகளின் புத்தகமும் மாமியின் சூட்கேஸும் அடங்கிவிடும். படிக்கட்டு சரியாக அந்த இடத்தில்தான் ஏறவேண்டும், வேறு வழியே இல்லை என்றால் மட்டும் மறுபடி யோசிக்கலாம்.

கீழே ஸ்டீல் இல்லை, அல்லது நான் கண்டதுபோல் ஏதோ ஒன்று இருக்கிறது என்றால், எப்படியும் செலவு செய்தே ஆகவேண்டும். அப்போது மாடி அறையிலும் லொஃப்டிலும் உங்கள் பிரெஸ்டை முழுக்க எடுத்துவிட்டு, கூரைக்குச் சற்றுக் கீழே ஸ்டாக்கின் உங்கள் பக்கத்துப் பாரத்தைத் தாங்க ஸ்டீல் வைப்பதுதான் கெட்டித்தனம். டோர்மருக்கு எப்படியும் சுவருக்குச் சுவர் ஸ்டீல் பீம் போகப்போகிறது. சிம்னிக்கான பீமை அதோடு கோத்துவிடலாம். கணக்கைப் பொறியியலாளர் போடவேண்டும். பில்டரின் "நான் நூறு வீடு செய்தனான்" கணக்கல்ல. பிரெஸ்டை மேலிருந்து கீழாக, கையால், ஒவ்வொரு கல்லாக எடுக்கவேண்டும், அதுவும் மேலே உள்ள பாரம் ஸ்டீலுக்கு மாறிய பிறகு. சுத்தியலோடு கீழ் அறையிலிருந்து தொடங்குகிறவரை அந்தக் கணமே நிறுத்துங்கள். எடுத்த இடத்தில் பொதுச் சுவரில் தெரியும் ஓட்டைகள், பாதிக் கல்கள் எல்லாவற்றையும் செங்கல் வைத்துக் கட்டவேண்டும். பிளாஸ்டர்போர்ட் ஒட்டி மூடினால் காணாது. அந்தச் சுவர்தான் ஒரு வீட்டுத் தீ மற்ற வீட்டுக்குப் போகாமல் ஒரு மணி நேரமாவது தடுக்கவேண்டியது. அந்த அம்மாவின் தொலைக்காட்சிச் சத்தமும் அதைத் தாண்டித்தான் உங்களுக்கு வரும். உங்கள் பக்கத்துப் புகைவழியின் மேல்முனைக்கு மழை போகாத, காற்று போகிற மூடி வையுங்கள். முழுக்க அடைத்தால் உள்ளே வியர்த்து ஈரம் பிடிக்கும்.

இனிச் சட்டம். வேலியில் நாலு கதியால் அரை அடி நகர்ந்ததற்கு நீதிமன்றம் ஏறிய பரம்பரை நாங்கள். லண்டனில் மட்டும் ஏனோ பொதுச் சுவரை வெட்டிவிட்டுச் சொல்லாமல் இருக்கலாம் என்று நினைக்கிறோம். இங்கிலாந்திலும் வேல்ஸிலும் 1996-ஆம் ஆண்டின் பார்ட்டி வோல் (பொதுச் சுவர்) சட்டம் நடைமுறையில் இருக்கிறது. அதன்படி பொதுச் சுவரிலிருந்து உங்கள் பக்கத்துப் பிரெஸ்டை வெட்டி எடுக்க உங்களுக்கு உரிமை உண்டு. பீம் வைக்கச் சுவருக்குள் வெட்டவும் உரிமை உண்டு. நிபந்தனை ஒன்றுதான்: வேலை தொடங்க இரண்டு மாதத்துக்கு முன்னர் எழுத்தில் நோட்டீஸ் கொடுக்கவேண்டும். உங்கள் பெயர், முகவரி, என்ன வேலை, எப்போது தொடக்கம் என்பவை அதில் இருக்கவேண்டும். வீடு உங்கள் இருவர் பெயரிலும் இருந்தால் இருவரும் கொடுக்கவேண்டும். நீங்களே எழுதலாம், காசு இல்லை.

அவர் 14 நாளுக்குள் எழுத்தில் சம்மதித்தால் முடிந்தது. மறுத்தாலோ, பதிலே தராவிட்டாலோ, சட்டத்தின் கண்ணில் அது பிணக்கு. அதற்காக வேலை நின்றுபோகாது. இருவரும் சேர்ந்து ஒரே சர்வேயரை வைக்கலாம், அல்லது ஆளுக்கு ஒருவரை வைக்கலாம். என்ன வேலை, எப்படி, எந்த நேரத்தில் என்று அவர்கள் ஒரு தீர்ப்பு எழுதித் தருவார்கள். வழமையில் இரு பக்கச் செலவும் உங்கள் தலையில்தான். சம்மதம் கிடைத்தாலும் அவருடைய பக்கத்துச் சுவர், சீலிங், ஏற்கெனவே உள்ள வெடிப்பு எல்லாவற்றையும் தேதியோடு படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். இந்தத் துறை சர்வேயர்கள் தங்கள் சங்கத்துக்கு, பழங்கதையில் சுவர் வெடிப்பு வழியாகக் காதலித்த பிரமஸ், திஸ்பி இருவரின் பெயரை வைத்திருக்கிறார்கள். நடைமுறையில் அந்த வெடிப்பு யாருடையது என்பதுதான் வழக்கு.

ஒன்றைக் கவனியுங்கள். இந்தச் சட்டம் தருவது உங்கள் பக்கத்துக்கான உரிமை. அவருடைய புகைவழியை எடுக்க அது இடம் தராது. ஸ்டாக்கையே முழுக்க இறக்குவதென்றால் அவருடைய மனப்பூர்வமான சம்மதம் வேண்டும், காஸ் ஃபயருக்கு மாற்று ஏற்பாடும் வேண்டும்.

"நோட்டீஸ் கொடுக்காட்டி அந்தச் சட்டமே பொருந்தாதாம்" என்று உங்கள் பில்டர் எங்கோ கேள்விப்பட்டிருக்கக்கூடும். 2023-இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் அப்படித்தான் சொன்னது. வழக்குத் தொடங்கியதும் இதே போல ஒரு சிம்னி பிரெஸ்டை எடுத்ததில்தான். ஆனால் அதன் பொருளை அவர் தலைகீழாக விளங்கியிருக்கிறார். நோட்டீஸ் இல்லை என்றால் சட்டம் தரும் உரிமையும் உங்களுக்கு இல்லை. பக்கத்து வீட்டார் சர்வேயரிடம் போகமாட்டார், நேரே நீதிமன்றம் போய்த் தடையுத்தரவு வாங்குவார். கூரை திறந்து கிடக்கும்போது தடையுத்தரவு வந்தால் சாரத்துக்கு வாடகை கட்டிக்கொண்டு தார்ப்பாய்க்குக் கீழே மழை பார்க்கலாம்.

பிளானிங் (திட்ட அனுமதி) பக்கம் பெரிய சிக்கல் இல்லை. டெரஸ் வீட்டுக்கு 40 கன மீட்டர் வரை கூரை விரிவாக்கம் வழமையாகத் தனி அனுமதியின்றிச் செய்யலாம். பழமை பேணும் பாதுகாப்பு வட்டாரமாகவோ, ஃபிளாட்டாகவோ இருந்தால் கதை வேறு. பில்டிங் கன்ட்ரோல் மட்டும் எப்படியும் தேவை. சிம்னியில் பறவை கூடு கட்டியிருந்தால் குஞ்சு பறக்கும்வரை கை வைக்கக்கூடாது, அதுவும் சட்டம்தான்.

நோட்டீஸைத் தபால்பெட்டிக்குள் தள்ளிவிட்டு வராதீர்கள். முதலில் போய் அந்த அம்மாவோடு தேநீர் குடியுங்கள். என்ன செய்யப்போகிறீர்கள், எத்தனை நாள் சத்தம், தூசி எவ்வளவு என்று சொல்லுங்கள். தனியே இருக்கும் வயதானவருக்குச் சட்டச் சொற்கள் நிறைந்த கடிதம் ஒன்று முன்னறிவிப்பின்றி வந்தால் பயத்தில் மகனைக் கூப்பிடுவார், மகன் சர்வேயரைக் கூப்பிடுவார். வேலைக்கு முன்பும் பின்பும் காஸ் வேலை செய்வோருக்கான காஸ் சேஃப் பதிவுள்ள ஒருவரைக் கொண்டு அவருடைய ஃபயரையும் புகைவழியையும் சோதிப்பது உங்கள் செலவு என்று நீங்களே முந்திச் சொல்லிவிடுங்கள். வேலை நடக்கும் நாட்களில் ஃபயரைப் பாவிக்காமல் இருக்க ஒரு எலெக்ட்ரிக் ஹீட்டரும், கார்பன் மொனொக்சைட் அலாரம் ஒன்றும் வாங்கிக் கொடுங்கள். உங்கள் டோர்மரின் ஜன்னலும் கூரையும் அவருடைய குழாய்க்குப் பக்கத்தில் உயரப்போகின்றன. புகை இழுவை அதனால் கெடாதா என்பதையும் அந்தக் காஸ்காரரே பார்த்துச் சொல்லட்டும்.

அதற்கு முன், இந்த வாரமே, மாடி அறையில் பிரெஸ்டுக்கு முன்னால் உள்ள தரைப்பலகை ஒன்றைக் கிளப்பி, டோர்ச் அடித்து, கீழே தெரிவதைப் படம் எடுத்து அனுப்புங்கள். அளவுகோல் ஒன்றையும் படத்துக்குள் வையுங்கள். நான் பார்த்துப் பதில் போடும்வரை அந்தச் சாப்பாட்டு மேசையை அறையின் மற்றப் பக்கத்துக்கு இழுத்துப் போடுங்கள்.